காலி ஃபோல்டர்

“செத்தவன் எப்படிம்மா எடம் புடிப்பான்?” என்றார் மேனேஜர் ஆரோக்கியராஜ்.

சர்வர் திரை அப்படித்தான் சொன்னது. போன மார்கழியில் ஈ.சி.ஆரில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்த சதீஷின் பெயரில் இருபது ஜிபி. அவன் ஃபோல்டரைத் திறந்தால் ஒரு ஃபைல்கூட இல்லை.

மரக்காணத்து உப்புக் கம்பெனியில் கலைமதி சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. உட்கார்ந்திருப்பது சதீஷின் நாற்காலி. வந்த அன்றே அவன் குப்பையையெல்லாம் அழித்துவிடச் சொன்னார் மேனேஜர். என்ன ஏது என்று பார்க்காமல் அழித்தாள்.

இன்று சர்வரில் இடமே இல்லை. எடைச்சீட்டு பதிவாகாமல் உப்பு லாரிகள் கேட்டிலிருந்து ரோடுவரை நின்றன. அழிக்கக்கூடத் தெரியாததற்கு ஒரு டிகிரியா என்று டிரைவர்கள் காதுபடக் கேட்டார் மேனேஜர். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் சரியாகாவிட்டால் பிரம்மதேசம் பஸ்ஸைப் பிடிக்கச் சொன்னார்.

பிரம்மதேசத்தில் அவள் தெருவுக்கே முதல் டிகிரி அது. இந்த ஆள் வாயில் மெல்லுவதற்கா வாங்கினாள்?

பெருக்குகிற அமராவதி மட்டும் சத்தமில்லாமல் டிபன் பாக்ஸோடு எடைமேடை அறைக்குப் போனாள். தினமும் அங்கேதான் சாப்பிடுவாள், ஃபேன் இருக்கிறது.

கலைமதி யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று சர்வரை முதலிலிருந்து எண்ண வைத்தாள். மறுபடியும் அதே இருபது. அப்போதுதான் பொறி தட்டியது. அழித்த ஃபைலை ஏதாவது ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருந்தால் சர்வரை ஓட்டுகிற லினக்ஸ் இடத்தை விடாது. பெயர்தான் போயிருக்கும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். பிடித்திருக்கிற கை விட்டால்தான் மொத்தமும் போகும்.

தேடினாள். எடைமேடை அறையின் பழைய கம்ப்யூட்டர். சதீஷ் லாகின் செய்தது செய்தபடி, ஒரு நீள வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரை நேற்றே பார்த்திருந்தாள். ‘அணைக்காதீங்க’ என்று ஒரு சீட்டு, ஸ்பேஸ் பட்டன்மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

“எவனோ படம் பாக்குறதுக்கு நான் வேலைய விட்டுட்டுப் போவணுமா?”

இருந்த இடத்திலிருந்தே ஒரே வரி அடித்து அந்த வீடியோவை மூடினாள். இருபது, பூஜ்யமானது. ஹாரன்கள் அடங்கி லாரிகள் ஒவ்வொன்றாய் நகர்ந்தன. மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அது போதும் அவளுக்கு. பத்து நாளில் முதல்முறையாக அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வாசலில் அமராவதி நின்றாள். கையில் சோற்றுப் பருக்கை காயவில்லை. கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

“பொட்டு வெச்ச பட்டனத்தான் பாப்பா அமுக்குறேன்... எம்புள்ள சதீஷ் வரவே மாட்டேங்குறான்.”