முதல் கரண்டி

அடுப்பில் கோழியும் கிழங்கும் தளதளவென்று கொதிக்கின்றன. இன்றோடு தேதி முடிகிற பாக்கெட் கோழி, பாதி விலைக்குக் கிடைத்தது. நாலு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டதில் ஐந்து பேருக்கு இரண்டு நாள் ஓடிவிடும். ஆனால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு வாடை இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. கொட்டிவிட அம்மாவுக்கு மனசு வரவில்லை. மலிவாக வாங்கிய நாட்களில் முதல் கரண்டியை அவள்தான் தின்பாள். ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்து, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் பிள்ளைகளுக்குத் தட்டு வைப்பாள். இன்று தின்று நாற்பது நிமிடம் ஆகிறது. சாயங்கால வெயில் சட்டியின் விளிம்பில் மினுங்குகிறது. அடிவயிற்றில் சுருக்கென்கிறது. பயமா, கோழியா? அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மறுபடியும் சுருக்கென்கிறது. எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று அடுப்பை அணைத்து, துணியால் சட்டியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கழுவுதொட்டிப் பக்கம் திரும்புகிறாள். கதவோரத்தில் எட்டு வயது மகள் நிற்கிறாள், கையில் காலிக் கிண்ணத்தோடு. உதட்டோரம் எண்ணெய் பளபளக்கிறது. “என்னடி பண்ணின?” சட்டியை மேடையில் வைக்கிறாள் அம்மா. “நீ கொடியில துணி எடுக்கப் போனப்ப ஒரு கரண்டி எடுத்துக்கிட்டேன்மா. எப்பவும் நீ மட்டும் ஏன் தின்னு பாக்கணும்?” என்கிறாள் மகள். “பயப்படாத, தம்பிங்களுக்குக் குடுக்கல.” சொல்லிவிட்டு, கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்கிறாள்.