முதல் கவளம்

சோற்றை அவள் விழுங்கவில்லை.

வாய்வரை கொண்டுபோனாள். உதட்டில் படாமல் கையைத் தாழ்த்தினாள். கவளம் மேலாடையின் மடிப்புக்குள் நழுவியது. துணிக்குள்ளிருந்து வயிற்றைச் சுட்டது.

நன்றாக மென்றாள். வாயில் ஒன்றும் இல்லை.

எதிரே அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன கைகள். அரச மோதிரம் எந்த விரலிலும் நுழையாமல், சுண்டுவிரலில் பாதியில் நின்றது.

போன மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்தது. பசித்த ஜனங்கள் தலைநகருக்கு வந்துவிடக் கூடாதென்று, ஓடங்களையெல்லாம் கொளுத்தச் சொன்னான் பழைய அரசன். அக்கரையில் பிள்ளைகள் செத்தார்கள்.

இந்த ஓடக்காரன் நீந்தி வந்தான். கையில் துடுப்பு. அரண்மனைக்குள் போனவன் வெளியே வந்தபோது, அரியணை அவனுடையதாக இருந்தது.

“ராஜாவைத் துடுப்பால அடிச்சுக் கொன்னவன் ராஜாவா? இவன் செத்தா உனக்குப் பாவம் சேராது, மி சான்.”

விடியலில் பெரிய மந்திரி அவளிடம் சொன்னது இவ்வளவுதான். விஷத்தை மீன் குழம்பில் அவர் ஆளே கலந்துவிட்டான். அவள் ருசி பார்ப்பதுபோல நடித்தால் போதும்.

பழைய அரசனின் உப்பைத் தின்ற உடம்பு. தலையாட்டிவிட்டாள்.

பிறகு புத்தர் கோயிலில் விளக்கேற்றப் போனாள். கை கூப்ப வரவில்லை. திரும்பிவிட்டாள்.

தண்ணீர்ப் பானையில் துளையிட்ட கொட்டாங்கச்சி மிதந்துகொண்டிருந்தது. அது நிறைந்து மூழ்கும்வரை ருசி பார்த்தவள் சாயாமல் இருந்தால், அரசன் சாப்பிடலாம். அரண்மனை வழக்கம்.

கொட்டாங்கச்சி மூழ்கியது.

“சாப்பிட்டாச்சா அக்கா?” என்றான் அவன்.

அரண்மனையில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். பதிலும் ஒன்றேதான். அவள் நெற்றி தரையில் படக் குனிந்து, அந்தப் பதிலைச் சொன்னாள். உண்டேன், உயிரோடு இருக்கிறேன்.

அவன் சிரித்துவிட்டான்.

அவன் கேட்டது அதை இல்லையாம். ஓடத்தில் ஏறுகிற எல்லாரிடமும் கேட்பானாம். காலையிலிருந்து வயிற்றுக்கு ஏதாவது போட்டாளா என்றுதான் கேட்டானாம்.



இத்தனை வருஷத்தில் இந்தக் கூடத்தில் யாரும் கேட்காதது. ருசி பார்க்கிறவள் முன்னதாகச் சாப்பிடக் கூடாது. வெறும் வயிற்றில்தான் விஷம் சீக்கிரம் காட்டும். அதைத்தான் சொன்னாள். தணிந்த குரலில், உண்மையாக.

அவன் முகம் சுருங்கியது.

வாழையிலையைக் கிழித்தான். தட்டிலிருந்த சோற்றில் பாதியை அதில் வைத்தான். வைத்தது பாதிக்குமேல் இருந்தது. குழம்பை ஊற்றினான். இலையை அவள் முன்னால் தள்ளினான்.

“முதல் கவளம் நீங்க எடுங்க. ஒருத்தர் பசியோட எதுக்க இருந்தா எனக்குச் சோறு இறங்காது.”

தூணருகில் பெரிய மந்திரி நின்றிருந்தார். அவளைப் பார்த்து, இல்லை என்பதுபோல் லேசாகத் தலையசைத்தார்.

வழக்கம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் கேட்டுக்கொள்வான். அரண்மனைக்கு வந்த நாளிலிருந்து, எது வழக்கம் என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறான். இலையைத் திரும்ப வாங்குவான். தானே சாப்பிடுவான்.

அந்த வார்த்தை நாக்குவரை வந்துவிட்டது.

அவன் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். அவளுடைய இலையில் இருந்த மீனில்.

சின்ன முள்கள்கூட. ஒவ்வொன்றாக. குழந்தைக்கு எடுப்பதுபோல.

எடுத்து முடித்தான். குழம்பு வழிந்த விரலை, வீட்டு ஞாபகத்தில், வாய்க்குக் கொண்டுபோனான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அரசனைத் தொட்ட கையை வெட்டுவார்கள். அது அவளுக்குத் தெரியும். பிடியை விடவில்லை.

“வேணாம் தம்பி.”

எட்டிப் பிடித்ததில் மேலாடை கலைந்தது. மறைத்திருந்த சோறு பாயில் கொட்டியது.

அவன் சோற்றைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தூணைப் பார்த்தான்.

தூணருகில் யாரும் இல்லை.

அவள் பானையை இழுத்தாள். அந்தக் கையைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள். நக இடுக்குகளையும் விடவில்லை. அவன் கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

கழுவி முடிந்ததும் தன் கையை விலக்கிக்கொண்டு தலை குனிந்தாள். இனி காவலர்களைக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி.

ராஜா எழுந்தார்.

யாரையும் கூப்பிடவில்லை. பாயில் சிந்தியதை ஓர் இலைத்துண்டால் வழித்தார். தட்டையும் இலையையும் தூக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். மாமரத்தடியில் மண்டியிட்டு, ஒரு சிரட்டையால் மண்ணைப் பறிக்கத் தொடங்கினார்.

காக்கை கொத்திவிடும், நாய் கிளறிவிடும் என்று தமக்குள் சொல்லிக்கொண்டே பறித்தார்.

காவலர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

அவள் மேலாடையை உதறினாள். ஒரு பருக்கைகூட ஒட்டியிருக்கவில்லை. முற்றத்தில் இறங்கி, குழிக்கு மறுபக்கம் மண்டியிட்டாள்.

யார் செய்தது என்று ராஜா கேட்கவில்லை. ஆழம் போதுமா என்று கேட்டார்.

அவள் இன்னும் ஒரு கை மண்ணை அள்ளினாள்.