இருபதாவது கோது

"நான் சுட்ட கோது ஒண்டு பன்னிரண்டு வருஷமாப் பறந்துகொண்டிருக்கு. இன்னும் நிலத்தில விழேல்லை!"

தங்கராசா இதைத் தமிழில் ஒரு தரமும் ஜேர்மனில் ஒரு தரமும் சொன்னார். துப்பாக்கி சுடும் சங்கத்தின் சாப்பாட்டுக்கூடம் இரண்டு தரமும் குலுங்கியது.

கெல்சென்கிர்ச்சனின் ஒரு மூலையில் இருந்த அந்தச் சின்னச் சங்கத்தில் அன்று ஈஸ்டர் முட்டைப் போட்டி. ஒவ்வொரு வருஷமும் பண்டிகைக்கு முந்தின வாரமே அதை வைத்துவிடுவார்கள். இலக்கில் பட்டால் சாயம் பூசிய முட்டை பரிசு. தங்கராசாவுக்கு அதுவே பிரியாவிடையும்கூட. கண்ணில் புகை படர்ந்துவிட்டதால் துவக்கை ஒப்படைக்கப் போகிறார்.

விடைபெறுகிறவருக்குச் சுவரில் ஒரு மரப்பலகை உண்டு. அவர் சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளைப் பதித்து, கீழே அவருடைய கதையை எழுதுவார்கள். ஆனால், கதைக்கு ஒரு சாட்சி வேண்டும். இல்லாவிட்டால் பெயர் மட்டும்தான்.

சங்கத் தலைவி நடாலி பலகையைத் தூக்கிக் காட்டினாள். இருபது துளைகள். பத்தொன்பதில் பித்தளைக் கோதுகள் மின்னின. ஒன்று வெறுமை.

"இன்னும் பறக்குதோ? விமான நிலையத்துக்கு அறிவிச்சாச்சோ அண்ணை?" என்றார் இராயப்பு, தங்கப் பல் தெரிய. ஒவ்வொரு வருஷமும் இந்தக் கதைக்கு முதல் ஆளாய் 'பொய்' என்பவர் அவர்தான்.

"நீ சிரி! உங்கட துவக்குகள் சாதுவான பசுமாடு. கோதைக் கையிலேயே தரும். என்ர துவக்கு அப்பிடியே? ஒவ்வொரு வெடிக்கும் தானே வெளியில தூக்கி எறியும். நான் முழங்காலில தவண்டு தவண்டு பொறுக்கி, கழுவி, நெளிவெடுத்து, மருந்தடைச்சு, திரும்பவும் அதே இருபதைத்தான் சுடுவன். என்ர பிள்ளையளைக்கூட நான் இப்பிடிக் குளிப்பாட்டேல்லை."

அது உண்மைதான். மற்றவர்கள் போட்டி முடிந்து பியருக்குப் போவார்கள். தங்கராசா மேசைக்கடியில் கிடப்பார். கோது விழும் ஓசையை வைத்தே எந்த மூலை என்று சொல்லிவிடுவார். முற்றத்தில் அவருடைய ஆட்டிறைச்சிச் சட்டி கொதிக்கும். முட்டை வென்ற ஜேர்மன்காரர்கள் முட்டையை விட்டுவிட்டுச் சட்டியைச் சுற்றி நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் இன்று இல்லை.

"அண்டைக்கும் இதே முட்டைப் போட்டிதான். யன்னல் திறந்து கிடந்தது. கடைசி வெடி. கோது யன்னலால போச்சு. நேர கீழ என்ர இறைச்சிச் சட்டி. அதுக்குள்ளதான் எண்டு ஓடிப்போய், மிச்சக் குழம்பெல்லாத்தையும் வடிச்சுப் பாத்தன். இல்லை! அப்ப அது மேலதானே போயிருக்கு?"

"ஆரும் சாப்பாட்டோட விழுங்கியிருப்பினமோ?" என்று கேட்டார் தேவமலர், இராயப்புவின் மனைவி.

"சட்டியைச் சுத்தி நிண்ட எல்லாரையும் உலுப்பிக் கேட்டனான் தங்கச்சி. உம்மட மனுசனை மட்டும்தான் கேக்கேல்லை."

"இவரைக் கேட்டு என்ன? தவக்காலம் தொடங்கினா ஈஸ்டர் வரைக்கும் இவர் மச்சம் மாமிசத்தை மணந்தும் பாக்கமாட்டார்" என்றார் தேவமலர் பெருமையாக.

இராயப்பு தேநீரில் இன்னொரு கரண்டி சீனி போட்டார்.

"நல்ல கதை. சாட்சி யார், ஹெர் தங்கராசா?" என்று கேட்டாள் நடாலி.

தங்கராசா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாய்க் குனிந்துகொண்டன. அவருடைய குறும்பு மெல்ல வடிந்தது. வெறும் துளையில் விரலை வைத்து ஒரு தரம் தடவினார்.

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. பேரை மட்டும் எழுதுங்கோ. இந்த ஓட்டை அப்பிடியே கிடக்கட்டும். காத்தாவது போய் வரட்டும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. இராயப்புவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவர் எழுந்தார். சட்டைப் பையில் இருந்து செபமாலைப் பையை எடுத்துத் திறந்தார். மணிகளுக்கு அடியில் இருந்து பித்தளையாய் ஏதோ ஒன்று மேசையில் உருண்டது. அந்தக் கோதின் வாய் கொஞ்சம் நெளிந்திருந்தது. அடியில் தங்கராசா ஆணியால் கீறிய 'த'.

தங்கராசா அதை எடுத்துத் துளையில் வைத்தார். கச்சிதமாய்ப் பொருந்தியது.

"இஞ்சாருங்கோ... இது உங்களிட்ட எப்பிடி வந்தது? செபமாலையோட வைச்சிருக்கிறீங்கள்?" தேவமலரின் குரல் உயர்ந்தது.

இராயப்பு மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை.

"கதையை எழுதச் சொல்லுங்கோ அண்ணை. நான்தான் சாட்சி" என்றவர், பஸ் படியில் விழுந்து உடைந்ததாக இத்தனை வருஷமும் சொல்லிவந்த முன்பல்லை, அந்தத் தங்கப் பல்லை, மெல்லத் தொட்டுக்கொண்டார். "கோது சட்டிக்குள்ளதான் விழுந்தது. நான் நல்லி எலும்பெண்டு நினைச்சுக் கடிச்சிட்டன்."