உலகில் இரண்டு பேர்

கடலூர் நகரப் பேருந்தின் ஓட்டுநர் நூவாரி. எல்லோரையும் போல அவள் சட்டையிலும் ஒரு பட்டை ஒளிர்ந்தது. அதில் பெயர், பெயரின் பொருள், உலகில் அந்தப் பெயரோடு வாழ்பவர்களின் எண்ணிக்கை. பொருள் இருக்கவேண்டிய இடம் காலி. அப்பா ஓசைக்காகவே உண்டாக்கிய பெயர். பொருள் எழுதாமலே விட்டுவிட்டார். எண்ணிக்கை, ஒன்று.

"அர்த்தமே இல்லாத பேரா?" என்று ஏறுகிறவர்களெல்லாம் கேட்டுக் கேட்டு அவளுக்குச் சலித்துவிட்டது. இன்று மாலை இலக்கியா என்று மாற்றிக்கொள்ளப்போகிறாள். லட்சக்கணக்கான இலக்கியாக்கள் இருக்கிறார்கள். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

மஞ்சக்குப்பத்தில் நடத்துநர் தணிகாசலம் அவளைப் பார்த்துவிட்டு விசில் ஊத மறந்தார்.

"ஏம்மா, உன் பட்டையில ரெண்டுன்னு காட்டுது."

"ரிப்பேரா இருக்கும்ணே."

"அர்த்தமும் வந்திருக்கு. குனிஞ்சு பாரேன்."

குனிந்தாள். 'மழையிலும் கொண்டுசேர்ப்பவள்' என்று எழுதியிருந்தது.

முந்தாநாள் அடைமழையில் பிரசவ வலியோடு ஏறிய பெண் நினைவுக்கு வந்தாள். எந்த நிறுத்தத்திலும் நிற்காமல், ஆஸ்பத்திரி வாசலுக்குள்ளேயே பேருந்தைக் கொண்டுபோய் அவளை இறக்கிவிட்டிருந்தாள். இறங்கும்போது அந்தப் பெண் நூவாரியின் பட்டையை உற்றுப் படித்துவிட்டுப் போயிருந்தாள்.

"சாயங்காலம் பேரை மாத்தணும்னியே?"

"மாத்திட்டா, எம்பேரை வச்சிருக்கிற அந்தக் குட்டி ஒண்டியாயிடும்ணே. விசில் அடிங்க. ஆஸ்பத்திரி ஸ்டாப்புல வண்டி கொஞ்சம் கூடுதலா நிக்கும், எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."