ஹெட்மாஸ்டர் வளர்த்த ஆரம் லில்லி

“பூ விட்ருச்சு, வந்து பாருய்யா” என்று ஹெட்மாஸ்டர் சவரியப்பன் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து கூப்பிட்டதும், வாசலில் நின்ற ஜேசுராஜ் தன் காதையே நம்பவில்லை.

அந்தத் தொட்டியில் லில்லி பூக்க வழியே இல்லை. அதில் வளர்வது சேம்பு. நட்டவர் ஹெட்மாஸ்டர் என்றாலும் கொண்டுவந்து கொடுத்தவன் ஜேசுராஜ்தான்.

அவன் மூன்று வருடமாகப் பழங்காநத்தம் மிஷன் பள்ளியில் தற்காலிக ஆசிரியர். நிரந்தரம் ஆக வேண்டுமென்றால் தாளாளர் சாமியாருக்குப் போகும் கடிதத்தில் ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும். சமயநல்லூரில் பெண் பேசி முடித்தாயிற்று. ஈஸ்டருக்குள் அந்தக் கடிதம் கையெழுத்தாகாவிட்டால் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க விடமாட்டோம், வேறு மாப்பிள்ளை பார்ப்போம் என்று பெண்வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

எல்லாம் எழுபத்தெட்டு ஜூன் மாதத்தில் ஆரம்பித்தது. கொடைக்கானலுக்குத் தியானத்துக்குப் போன ஹெட்மாஸ்டர், கன்னியர் மடத்துத் தோட்டத்தில் ஆரம் லில்லியைப் பார்த்துவிட்டார். வெள்ளையாய்ச் சுருண்ட ஒற்றை இதழ், நடுவில் மஞ்சளாக ஒரு தண்டு. மலையிறங்கிய சூட்டோடு, வருகிற ஈஸ்டருக்குப் பழங்காநத்தத்தில் வளர்ந்த லில்லி கோயில் பீடத்தில் நிற்கும் என்று சாமியாரிடம் வாக்குக் கொடுத்தார்.

சித்திரை பிறந்தால் குழாயில் வெந்நீர் வரும் ஊர் இது. அதை ஹெட்மாஸ்டரிடம் எடுத்துச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

கிழங்கு வாங்க ஜேசுராஜைத்தான் கொடைக்கானலுக்கு அனுப்பினார். அவனும் வாங்கி, ஈரச் சாக்கில் பத்திரமாகச் சுற்றினான். திரும்பும் வழியில் வத்தலக்குண்டில் டீ குடிக்க இறங்கினான். பஸ் கிழங்கோடு போய்விட்டது.

மறுநாள் காலை சொந்த ஊரான கீழக்குயில்குடியில் அவன் அம்மா வாய்க்கால் ஓரம் போட்டிருந்த சேம்பில் ஒன்றைப் பிடுங்கினான். அதையும் ஈரச் சாக்கில்தான் சுற்றினான். இலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பூ வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

ஹெட்மாஸ்டர் தொட்டிக்குக் கீற்றுப் பந்தல் போட்டார். வெயில் ஏறியதும் ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டி வாங்கி வந்து வேரைச் சுற்றி வைத்தார். வாய்க்கால் சேற்றில் தானாக வளரும் சேம்புக்கு இப்படி ஒரு வாழ்வு.

பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் அத்தனை பேரும் வந்து பார்த்தார்கள். பதினாலு பேரில் பதினோரு பேர் வயலில் இறங்கி வளர்ந்த சம்சாரி வீட்டுப் பிள்ளைகள். கண்ணைக் கட்டிவிட்டாலும் சேம்பைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடக்கூடியவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கணக்கு வாத்தியார் மட்டும், சீமைச் செடிக்கு என்ன ஒரு கம்பீரம் என்று வியந்தார். அவருக்கு அந்த மாதமே கேட்ட லீவு கிடைத்தது.

ஜேசுராஜுக்குத்தான் நிம்மதி போயிற்று. பெரிய வியாழக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் செய்த பாவம் எல்லாவற்றையும் சொன்னான், இதைத் தவிர. கூண்டுக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் லில்லிக்காகக் காத்திருக்கும் அதே சாமியார்.

இன்று பெரிய சனிக்கிழமை. விடிந்தால் ஈஸ்டர். ஹெட்மாஸ்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தான். வேலை போனால் போகட்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாலும், வாசல் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டான்.

அப்போதுதான் அவர் கூப்பிட்டார்.

பந்தலுக்கு அடியில், சேம்பு இலைகளுக்கு நடுவே, வெள்ளைப் பூ ஒன்று நின்றது.

ஒரு நொடி அவன் அதைக் கோயில் பிரசங்கத்தில் சொல்கிற புதுமை என்றே நம்பினான். சேம்பை லில்லியாக்க ஆண்டவரால் முடியாதா என்ன. முழங்கால் தானாக மடங்கியது.

மடங்கியதில் முகம் பூவுக்குப் பக்கத்தில் போனது. இதழின் ஓரத்தில் தையல் இருந்தது. நடுவில் இருந்த மஞ்சள் தண்டின் உச்சியில் மெழுகுவத்தித் திரி இருந்தது. கஞ்சி போட்டுத் தேய்த்த துணியின் வாசம் அடித்தது.

தலையைத் தூக்கினான். ஹெட்மாஸ்டர் பூவைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் அவர் மனைவி, தையல் டீச்சர் ஜோசபின், கத்தரிக்கோலை முந்தானைக்குள் மறைத்தபடி நின்றாள்.

“எப்படிய்யா இருக்கு?”

பூவைப் பற்றி வாயைத் திறந்தால் சேம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேம்பைச் சொன்னால் வத்தலக்குண்டு டீயையும் சொல்ல வேண்டும். தவிர, ஹெட்மாஸ்டரின் முகத்தில் பயத்தை அவன் இன்றுதான் முதல்முதலாகப் பார்த்தான். பார்க்கப் பாவமாக இருந்தது. சமயநல்லூர்ப் பெண்ணும் ஞாபகத்துக்கு வந்தாள் என்பதை மறைப்பானேன்.

“இம்புட்டு வாசனையா இருக்கும்னு நெனைக்கல சார்” என்றான்.

ஹெட்மாஸ்டர் பெருமூச்சு விட்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்தார். எழுந்திருக்கப் போனவனைத் தோளில் கை வைத்து அமர்த்தி, குனிந்திருந்த அவன் முதுகிலேயே காகிதத்தை விரித்துக் கையெழுத்துப் போட்டார். பேனா முனை சட்டையைத் தாண்டிக் குத்தியது. அது அவனுக்குச் சுகமாகவே இருந்தது.

கடிதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, சம்சாரத்துக்குக்கூடக் கேட்காத குரலில் அவர் சொன்னார்:

“ஈஸ்டர் முடிஞ்சு ஊருக்குப் போனா, ஒங்க அம்மா சேம்பு போட்ட அதே வாய்க்கால்ல ரெண்டு கிலோ பிடுங்கிட்டு வாய்யா. நேத்து ஒருசந்திச் சாப்பாட்டுக்குத் தொட்டியில கொஞ்சம் தோண்டி வறுத்தோம், மாவா வெந்துச்சு.”