படியா, சரிவா?

பெலிக்ஸ் சொன்ன இந்தச் சம்பவத்தை மூன்று வருஷமாக நம்பியும் நம்பாமலும் இருக்கிறேன். அவன் என்னோடு படித்தவன், பொய் சொல்கிறவன் இல்லை. நான்தான் எதையும் போட்டு உருட்டிக்கொண்டே இருக்கிற ஆள்.

ராஜபாளையத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறான்.

"சனிக்கிழமை மத்தியானம். ஆளுகளை அனுப்பிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிட்டேன். உள்ள ஈ காக்கா கிடையாது. அப்ப பியூலாக்கா குனிஞ்சு வாராவ. கூட ஒருத்தர். தரகர்னு நினைச்சேன்."

பியூலாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். மகன் ஆல்வினுக்கு எங்கள் ஊர் ஷெரினை நிச்சயம் செய்திருந்தார். ஷெரினுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் உறையை உடம்பே அரிக்கும் நோய். கண் மங்கும், கால் மரக்கும், சரியாகும், மறுபடி வரும். மறுபடி வருமா, நடை குறையுமா என்று ஓரளவு முன்கூட்டிக் காட்டும் ரத்தப் பரிசோதனையை மதுரை டாக்டர் எழுதித் தந்திருந்தார்.

"ரிப்போர்ட்டை அத்தைகிட்டயே குடுங்கன்னு ஷெரின் போன்ல சொல்லிட்டா. வெள்ளந்திப் பொண்ணு. இந்தம்மா கல்யாணத்தை நிறுத்தத்தான் வந்திருக்குன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு," என்றான் பெலிக்ஸ்.

"நம்பர் எம்புட்டு தம்பி?" என்று கேட்டாராம் பியூலா.

"கூடத்தான் இருக்குக்கா. டாக்டர்தான் முடிவாச் சொல்லணும். பின்னால நடை பாதிச்சாலும் பாதிக்கும்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் உடனே வாயைத் திறந்தாராம். "நிச்சயம்தானே ஆயிருக்கு. இப்பவே கையைக் கழுவிருங்க. பையன் தப்பிச்சான்."

"என்ன மனுசனோ," என்று பெலிக்ஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

பியூலா அப்படியே கூட வந்தவரிடம் திரும்பினார்.

"கேட்டீரா தவசிமுத்து? கூடவாம். புது வீட்டு வாசல்ல படி வேண்டாம். சரிவா வையும்."

தவசிமுத்து கொத்தனார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "பாத்ரூமு?"

"உக்காருற மாதிரி வெஸ்டர்ன். ரெண்டு பக்கமும் கைப்பிடி."

"மாடி ரூமு அவியளுக்குன்னு சொன்னிய?"

"அதுல நான் இருந்துக்கிடுதேன். அவியளுக்குக் கீழ."

"படிக்குச் செங்கல் இறக்கியாச்சே. போன வாரமே சொல்லக் கூடாதா?"

"ரத்தம் சென்னைக்குப் போயி வர வேண்டாமா? உம்ம அவசரத்துக்கு பஸ்லயா அனுப்ப முடியும்?"

பியூலா விஷயத்தில் இப்போது எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் சரிவில் ஆல்வின் பைக்கை ஏற்றுவதையும், ஷெரின் கைத்தடியை நீட்டித் திட்டுவதையும் நானே பார்த்தேன். உறுத்தியது வேறொன்று.

போன வாரம் டீக்கடையில் கேட்டே விட்டேன்.

"பெலிக்ஸ், உள்ள ஈ காக்கா கிடையாதுன்னியே. பெஞ்சுல இருந்த அந்தப் பெரியவருக்கு என்ன வயசு இருக்கும்? உன் வயசா?"