காலிக் கோட்டில் ஒரு பெயர்

தீயணைப்பு வண்டிகள் இன்று வெளியே உறைபனியில் நிற்கின்றன. உள்ளே, அவை வழக்கமாக நிற்கும் கூடம் வாக்குச்சாவடி ஆகியிருக்கிறது. சாய்ந்து விழும் காலை வெயிலில் சிமெண்ட் தரையின் ஈரப் பூட்ஸ் தடங்கள் மினுங்குகின்றன. எங்கள் வட்டாரத்திலிருந்து மாநில சட்டமன்றத்துக்குப் போன முதல் பெண் வில்மா கிரேசன். தேர்தல்தோறும் வரிசையில் முதல் ஆள் அவர்தான். போன ஏப்ரலில் இறந்துவிட்டார். இன்று வரிசையின் அந்த முதல் இடத்தில் ஆர்வில் பெல்டன், தேர்தலில் வில்மாவை எதிர்த்து மூன்று முறை நின்று மூன்று முறையும் தோற்றவர். வாக்குச்சீட்டில் பெயர்களுக்கு எதிரே உள்ள வட்டங்களைக் கறுப்பாக்க அரை நிமிஷம் போதும். தடுப்புக்குப் பின்னால் அவர் பேனா இன்னும் கிறீச்சிட்டுக்கொண்டிருக்கிறது.

"என்னய்யா ஆர்வில், கடுதாசியா எழுதுற?" என்கிறாள் சீட்டுக் கொடுக்கும் கிளாடிஸ். வரிசை சிரிக்கிறது. அவர் சிரிக்காமல் வெளியே வருகிறார்.

"பட்டியல்ல இல்லாதவங்க பேரை எழுதுற கோடு இருக்குல்ல? அதுல வில்மா பேரை எழுதிட்டேன்."

"செத்தவங்களுக்குப் போட்டா அது செல்லாதுய்யா."

"தெரியும்."

அவர் கண் வாசலுக்குப் போகிறது. யாரும் வழுக்கி விழக்கூடாதென்று அங்கே மணல் தூவிக்கொண்டிருக்கிறாள் அவர் மகள் நோரீன், இந்த நிலையத்தின் தலைவி. பெண்களையும் தீயணைப்பு வேலைக்கு எடுக்கவேண்டும் என்று வில்மா சட்டம் கொண்டுவந்தபோது, ஊர் ஊராகப் போய் எதிர்த்துப் பேசியவர் இதே ஆர்வில். சீட்டைப் பெட்டிக்குள் மெல்லத் தள்ளுகிறார். அது விழுந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"செல்லுறப்பவே போட்டிருக்கணும், கிளாடிஸ்."